பழைய சிட்டி வி-டெக்கின் இக்னிஷன் மாட்யூல்: நாலு வழியில் நெல்லை வெயிலுக்கு எது தாங்கும்?

பணகுடியைத் தாண்டிக் காவல்கிணறு போகும் வழி. மே மாதத்து மதியம் இரண்டு மணி. தொண்ணூறில் போய்க்கொண்டிருந்த வண்டியில் டேக்கோ முள், அதாவது இன்ஜின் சுற்றைக் காட்டும் முள், சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தது. வண்டி அப்போதும் நான்காம் கியரில்தான் இருந்தது. கிளட்சை நான் மிதிக்கவில்லை. சக்கரம் இன்ஜினை இழுத்துச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. இன்ஜின் சுற்றும்போது டேக்கோ ஒன்றுமே காட்டவில்லை என்றால், அதற்குச் செய்தி அனுப்புகிற இடம் செத்துவிட்டது என்று அர்த்தம். இந்த வண்டியில் அந்த இடம், பிளக்கில் பொறி வரவைக்கும் மின் சுவிட்சான இக்னிஷன் மாட்யூல். பெட்ரோல் வராமல் போயிருந்தால் முள் இப்படி விழாது, வேகம் குறையக் குறைய மெதுவாக இறங்கியிருக்கும்.

நாகர்கோவிலில் கல்யாண வீடு. பின்சீட்டில் அம்மா, மடியில் பழத்தட்டு. பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு ஒற்றை வேப்பமரத்து நிழலில் நின்றோம். நாலுவழிச் சாலை வந்த பிறகு அந்த ஒற்றை மரம் கிடைத்ததே பெரிது. இருபத்தைந்து நிமிடம் கழித்து ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆனது. முப்பந்தல் காற்றாலைகள் கண்ணில் படுகிற தூரம் வரை போய், மறுபடியும் முள் படுத்தது. சூடானால் சாவது, ஆறினால் பிழைப்பது. மாட்யூல் போகிற வண்டிகள் பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

வண்டி 2001 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 வி-டெக், 106 குதிரைத்திறன். எடை குறைவு, ஏழாயிரம் சுற்றை நெருங்கும்வரை சலிக்காத இன்ஜின். இப்போது வருகிற பெரிய வண்டிகளுக்கு நடுவிலும் இதை விற்க மனம் வராமல் வைத்திருப்பவர்கள் பாளையங்கோட்டையிலும் தூத்துக்குடியிலும் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு ஒரே கேள்வி: மாட்யூல் போய்விட்டது, அதையே மாற்றுவதா, அல்லது இதைச் சாக்காக வைத்துப் பெரிதாக ஏதாவது போட்டுவிடலாமா? எனக்கும் அதே ஆசை இருந்தது. நான் நாலு வழியையும் விசாரித்து, இரண்டைக் கையால் செய்து பார்த்தவன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். இந்த இன்ஜினில் காயில், மாட்யூல், பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் திருப்பிவிடும் ரோட்டார், கேம் நிலை சொல்லும் சென்சார் எல்லாம் டிஸ்ட்ரிபியூட்டர் என்ற ஒரே கூட்டுக்குள் அடங்கியிருக்கின்றன. மாட்யூல் ஒரு டிரான்சிஸ்டர் சுவிட்ச். இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியூ சொல்லும்போது காயிலின் பிரைமரிச் சுற்றை எர்த்தோடு சேர்க்கும், கரண்ட் ஏறும். சரியான நொடியில் அறுக்கும்; காயிலின் காந்தப்புலம் சரிந்து பல ஆயிரம் வோல்ட் பிளக்குக்குப் போகும். ஏழாயிரம் சுற்றில் நாலு சிலிண்டருக்கும் சேர்த்து நிமிடத்துக்கு 14,000 தடவை இது நடக்கவேண்டும். அதாவது ஒரு தீப்பொறிக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 4.3 மில்லிசெகண்ட். இப்படிப்பட்ட காயில் நிரம்ப ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் போதும். கொஞ்சம் நெருக்கடிதான், ஆனாலும் இடம் இருக்கிறது. இந்தக் கணக்கை மனதில் வையுங்கள், பின்னால் வேண்டும்.

இவ்வளவு தடவை அறுக்கிற டிரான்சிஸ்டர் சூடாகும். அந்தச் சூட்டை வெளியே இழுக்க ஒரே வழி, மாட்யூலின் முதுகில் இருக்கும் உலோகத் தகடு டிஸ்ட்ரிபியூட்டர் உடம்போடு ஒட்டி உட்கார்வது. அந்த உடம்போ சிலிண்டர் ஹெட்டில் மாட்டியிருக்கிறது. வெளியே நாற்பது டிகிரி, ஏசி ஓடுகிறது, நாங்குநேரி டோல்கேட்டில் பத்து வண்டி வரிசை. மாட்யூலுக்கு மூச்சுவிட இடமே கிடையாது. தகட்டுக்கும் உடம்புக்கும் நடுவே பூசுகிற வெள்ளை தெர்மல் பேஸ்ட்தான் அதன் உயிர். என் வண்டியைத் திறந்து பார்த்தபோது, எனக்கு முந்தைய சொந்தக்காரர் காலத்தில் யாரோ ஒரு பெயர் தெரியாத டூப்ளிகேட் மாட்யூலைப் போட்டிருந்தார்கள். கீழே ஒரு பொட்டு பேஸ்ட் இல்லை. தகட்டின் ஒரு மூலை மட்டும் உடம்பைத் தொட்டு, அந்த இடம் நீலம் பாரித்திருந்தது.

காசு செலவழிக்கும் முன் நோயை உறுதி செய்யுங்கள். நம்ம ஊரில் இந்த வண்டி வெயிலில் நின்றுவிட்டது என்றாலே "மாட்யூல்தான்" என்று சொல்லிவிடுகிறார்கள். அதே வெயிலில், அதே மாதிரி நிற்கவைக்கும் இன்னொரு ஆள் உண்டு: மெயின் ரிலே. உள்ளே இருக்கும் சால்டர் விரிசல் விட்டு, கேபின் சூடானால் தொடர்பு அறுந்து, பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் போகாது. இரண்டையும் பிரித்தறியச் சாவியை ஆன் செய்து காதைத் தீட்டினால் போதும். பின்சீட்டுப் பக்கம் இரண்டு விநாடி பம்ப் முனகும் சத்தம் கேட்கவேண்டும், செக் இன்ஜின் விளக்கு எரிந்து அணையவேண்டும். சத்தம் வரவில்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடாதீர்கள், முதலில் ரிலேயைப் பாருங்கள். சத்தம் வந்து, செல்ஃப் நன்றாக அடித்து, டேக்கோ முள் கொஞ்சம்கூடத் துடிக்காமல் கிடந்தால் சந்தேகம் மாட்யூல் பக்கம்.

அடுத்தது தீப்பொறி. பழைய பிளக் ஒன்றை ஒயரில் மாட்டி, அதன் உடம்பை முதலைக் கிளிப்பால் இன்ஜினோடு எர்த் செய்து செல்ஃப் அடியுங்கள். ஒயரைக் கழற்றி அந்தரத்தில் விட்டுப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். போக வழியில்லாத அத்தனை வோல்ட்டும் காயிலின் இன்சுலேஷனைத் துளைக்கும், மாட்யூலையும் கொல்லும். சி.பி. பாயிண்ட் என்ற பழைய இயந்திரச் சுவிட்ச் வைத்த பத்மினி காரில் செய்து பழகிய கை, இங்கேயும் அதையே செய்துவிடுகிறது.

பொறி இல்லையா? மாட்யூலுக்கு வருகிற, கறுப்பில் மஞ்சள் கோடு போட்ட ஒயரில் சாவி ஆன் நிலையில் பேட்டரி வோல்ட் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் குற்றம் சாவி சுவிட்சிலோ ஒயரிங்கிலோ இருக்கிறது. இருந்தால் காயிலை அளந்து பாருங்கள். பிரைமரி அரை ஓமுக்கும் முக்கால் ஓமுக்கும் நடுவே, செகண்டரி பத்தாயிரங்களில் இருக்கவேண்டும். காயிலின் கம்பெனியைப் பொறுத்து எண் மாறும் என்பதால் மேனுவலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர் உள்பக்கத்தை ஒரு டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும். செம்மண் போலத் தூள் படிந்திருந்தால் பேரிங் தேய்கிறது. எண்ணெய் கசிந்திருந்தால் உள் சீல் போய்விட்டது. இந்த இரண்டும் இருக்கும்போது புது மாட்யூல் போட்டுப் பலனில்லை.

தச்சநல்லூரில் எனக்குப் பழக்கமான எலக்ட்ரீசியன் அண்ணாச்சி ஒருவர் செய்து காட்டிய சோதனை இது. காலையில் குளிர்ந்த வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பைக் கழற்றி, வீட்டில் தலை காயவைக்கிற ஹேர் டிரையரை மாட்யூலுக்கு நேராக ஐந்து நிமிடம் பிடித்தார். "வெயிலுக்கு எதுக்கு ரோட்டுல போயி நிக்கணும் தம்பி, வெயில இங்கன கொண்டாந்துருவோம்" என்றார். கேப்பை மாட்டிச் செல்ஃப் அடித்தால் பொறி இல்லை. ஈரத்துணியை வெளி உடம்பின் மேல் சுற்றி ஆறவிட்டோம். பொறி வந்தது. அதற்குமேல் எனக்குச் சந்தேகம் மிச்சமில்லை.

இனி வழிகளுக்கு வருகிறேன். விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் ரூபாய்க் கணக்கு போடவில்லை. எது மலிவு, எது செலவு அதிகம் என்று மட்டும் சொல்கிறேன்.

கம்பெனித் தரத்தில் மாட்யூலை மட்டும் மாற்றுவது முதல் வழி. செலவு குறைவு. ஒரு மணி நேர வேலை. கேப்பின் மூன்று போல்ட், ரோட்டாரின் ஒரு ஸ்க்ரூ, உள் மூடி, மாட்யூலின் இரண்டு ஸ்க்ரூ, நாலு ஒயர், அவ்வளவுதான். ஆனால் இரண்டு இடத்தில் கை மாட்டும். ரோட்டார் ஸ்க்ரூ பெரும்பாலும் கீழ்ப்பக்கம் திரும்பி நிற்கும். ஆளை விட்டுச் செல்ஃபைச் சின்னச் சின்னதாகத் தட்டவைத்து அதை மேலே கொண்டுவரவேண்டும். இன்னொன்று, ஜப்பான் ஸ்க்ரூவின் வெட்டு நம்ம கடை ஸ்டார் ஸ்க்ரூடிரைவருக்குச் சரியாகப் பொருந்தாது. முனை நழுவி வெட்டை மழுக்கிவிடும். ஜிஸ் என்று கேட்டு வாங்கும் ஜப்பான் அளவு டிரைவர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பேஸ்டைத் துடைத்து, புதியதை மெலிதாக, தகடு முழுவதும் பரவும்படி பூசவேண்டும். தடிமனாகப் பூசினால் சூடு கடக்காது.

இந்த வழியில் ஆபத்து ஒன்றே ஒன்று, டூப்ளிகேட். வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது. கையில் எடுத்து முதுகைப் பாருங்கள். நல்லதில் தகடு கனமாக, சமதளமாக இருக்கும். ஸ்கேலை வைத்தால் வெளிச்சம் கசியாது. எனக்கு வாய்த்த பழையது வாழைமட்டை மாதிரி வளைந்திருந்தது. மாட்யூலோடு கேப், ரோட்டார், பிளக், பிளக் ஒயர் நான்கையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். பிளக் இடைவெளி 1.1 மில்லிமீட்டரைத் தாண்டித் தேய்ந்து போனால், அந்த இடைவெளியைத் தாண்ட காயில் கூடுதல் வோல்ட் கொடுத்தாக வேண்டும், மொத்த அமைப்பும் திணறும். உவரி, திருச்செந்தூர் பக்கம் கடற்கரையில் வண்டி நிற்கிறவர்கள் கேப்பின் உள் முனைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. உப்புக்காற்றில் பச்சை பூத்துவிடும்.

செகண்ட்ஸில் முழு டிஸ்ட்ரிபியூட்டர் வாங்கி மாட்டுவது இரண்டாம் வழி. பேரிங்கும் சீலும் போன வண்டிக்கு இதைவிட நேரான வழி இல்லை. சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கிறது. கனெக்டரில் எத்தனை பின், எந்த வடிவம் என்று போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் மாட்டாத பொருளோடு திரும்ப வரவேண்டியிருக்கும். தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரப்பு இருந்தால் வேண்டாம், பக்கவாட்டில் ஆடினாலும் வேண்டாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டியின் பாகமா என்றும் பார்க்கவேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம்ம ஊரில் தாமிரபரணி ஏறியபோது ஜங்ஷனிலும் வண்ணாரப்பேட்டையிலும் எத்தனை வண்டி தண்ணீரில் நின்றது என்று நமக்குத் தெரியும். சென்னையில் 2015 டிசம்பரிலும் அதே கதை. அந்த வண்டிகளின் பாகங்கள் எங்கேயோ ஒரு அடுக்கில் கழுவித் துடைத்து உட்கார்ந்திருக்கும். கனெக்டர் பின்களில் பச்சை, ஸ்க்ரூ பள்ளத்தில் வண்டல், இரண்டில் ஒன்றைக் கண்டாலே வைத்துவிட்டு வாருங்கள். நல்லதே கிடைத்தாலும் உள்ளே இருக்கும் மாட்யூல் இருபது வயசு தாண்டியது என்பதை மறக்காதீர்கள். வாங்கியதும் திறந்து பேஸ்டைப் புதுப்பிக்கவேண்டும். பழையதைக் கழற்றும் முன் உடம்புக்கும் ஹெட்டுக்கும் குறுக்கே ஒரு கோடு கீறி வையுங்கள். மாட்டிய பிறகு பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட் பிடித்து மேனுவல் சொல்லும் டிகிரிக்கு வையுங்கள்.

மூன்றாம் வழிதான் எல்லாருக்கும் கண். சிடிஐ பாக்ஸ். எம்எஸ்டி 6ஏ போன்ற சிவப்புப் பெட்டி, வெளியே தனிக் காயில், அதற்கு ஒயர் எடுக்கிற மாதிரி வேறு கேப். இது வேலை செய்யும் விதமே வேறு. பேட்டரியின் 12 வோல்ட்டை உள்ளேயே சில நூறு வோல்ட்டாக உயர்த்தி ஒரு கெப்பாசிட்டரில் தேக்கி, வேண்டிய நொடியில் மொத்தமாகக் காயிலில் கொட்டும். காயில் நிரம்பக் காத்திருக்கத் தேவையில்லை. மேல் சுற்றிலும் பொறியின் பலம் குறையாது. ஆனால் அந்தப் பொறி மிகக் குறைந்த நேரமே நிற்கும். அதை ஈடுகட்டத்தான் 3,000 சுற்றுக்குக் கீழே கிராங்க் 20 டிகிரி திரும்பும்வரை பல பொறிகளை அடுத்தடுத்து விடுகிறது. டர்போ போட்ட இன்ஜினுக்கு, அதிகப் பெட்ரோல் ஊற்றி ஓட்டும் ரேஸ் வண்டிக்கு, பிளக் கறுத்து மிஸ் அடிக்கும் பெரிய கேம் இன்ஜினுக்கு இது உண்மையான மருந்து. சிலிண்டருக்குள் அழுத்தம் ஏற ஏற, பொறி தாண்ட அதிக வோல்ட் வேண்டும் என்பதால் டர்போக்காரர்கள் பிளக் இடைவெளியை 0.7, 0.8 என்று குறைத்துக்கொள்கிறார்கள். பாக்ஸ் இருந்தால் அவ்வளவு குறைக்கவேண்டியதில்லை.

சரி, டர்போ இல்லாத என் இன்ஜினுக்கு? மேலே போட்ட 4.3 மில்லிசெகண்ட் கணக்கைத் திரும்பப் பாருங்கள். கம்பெனிக் காயிலுக்கே நேரம் மிச்சம் இருக்கிறது. தவறாமல் எரிகிற கலவையை இன்னும் பலமாகக் கொளுத்தினால் குதிரைத்திறன் கூடாது. என் நண்பர் ஒருவருடைய இதே மாதிரி வண்டியில் நாங்கள் பாக்ஸ் மாட்டிப் பார்த்தோம். குளிர்ந்த காலையில் ஐடில் இன்னும் மிருதுவாக இருந்தது, அது உண்மை. மணிமுத்தாறு ஏற்றத்தில் மிதித்தால் பழைய இழுப்புதான்.

இதைவிட முக்கியமான ஒன்று. வழக்கமாக மாட்டும் முறையில் பாக்ஸுக்கு "இப்போது அடி" என்று சொல்கிற சமிக்ஞையை எங்கிருந்து எடுக்கிறோம்? பழைய மாட்யூலிலிருந்துதான்! அது டிஸ்ட்ரிபியூட்டருக்குள், அதே சூட்டில், அப்படியே உட்கார்ந்திருக்கும். காயில் கரண்டைச் சுமக்காததால் அது கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும் என்பது வாஸ்தவம். ஆனால் அது செத்தால் அத்தனை விலை கொடுத்த பாக்ஸும் சேர்ந்து மௌனமாகிவிடும். சூட்டில் மாட்யூல் போகிறது என்று பாக்ஸ் வாங்க நினைப்பவர்களை நான் கையைப் பிடித்துத் தடுப்பது இதற்காகத்தான். போதாததற்கு டேக்கோவுக்குத் தனி ஒயர் கொடுக்கவேண்டும், பெட்டியைச் சூடும் தண்ணீரும் படாத இடத்தில் வைக்கவேண்டும், அக்டோபர் மழையில் எங்கேயாவது நின்றால் பக்கத்து ஊர் மெக்கானிக் அதைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொள்வார்.

பாக்ஸ் இல்லாமல் "பெர்ஃபார்மன்ஸ் காயில்" மட்டும் போடுகிற பாதி வழி ஒன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். பிரைமரி ஓம் குறைந்த காயிலைக் கம்பெனி மாட்யூலோடு சேர்த்தால், கரண்ட் கூடி மாட்யூல் இன்னும் சீக்கிரம் வேகும். தடை இல்லாத வெறும் செம்புப் பிளக் ஒயரும் அப்படியே. அதன் மின் இரைச்சல் இசியூவைக் குழப்பும்.

நாலாவது, டிஸ்ட்ரிபியூட்டரையே தூக்கிவிட்டு பிளக்குக்கு ஒரு காயில் வைப்பது. தத்துவமாகப் பார்த்தால் இதுதான் உச்சம். ஒவ்வொரு காயிலும் ஏழாயிரம் சுற்றில் நிமிடத்துக்கு 3,500 தடவைதான் அடிக்கிறது. நிரம்ப 17 மில்லிசெகண்ட் கிடைக்கிறது. கேப் இல்லை, ரோட்டார் இல்லை, பிளக் ஒயர் இல்லை. மாட்யூல் காயிலுக்குள்ளேயே இருக்கும் வகையைப் போட்டால், ஒன்று போனாலும் மூன்று சிலிண்டரில் வீடு வந்து சேரலாம். இதற்குக் கிராங்கில் பல் சக்கரமும் சென்சாரும், தனி இசியூவும், புது ஒயரிங்கும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்து, பொறியையும் பெட்ரோலையும் எப்போது எவ்வளவு விடவேண்டும் என்ற மேப்பை இசியூவுக்கு எழுதத் தெரிந்த ஆள் வேண்டும். கோவை, சென்னை, பெங்களூர் என்று போய்வர நேரமும் பணமும் இருப்பவர்கள், எப்படியும் டர்போவுக்கோ கோவை கரி ஸ்பீட்வே ரேஸ் தடத்தில் ஓட்டுவதற்கோ தனி இசியூ போடப்போகிறவர்கள், தாராளமாகச் செய்யலாம். மாட்யூல் பிரச்சினைக்காக மட்டும் இதற்குள் இறங்குவது, கொசுவுக்குப் பயந்து வீட்டை மாற்றுகிற வேலை.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். பேரிங் நன்றாக இருந்தால் முதல் வழி. பேரிங் போயிருந்தால் இரண்டாம் வழியில் உடம்பை வாங்கி, அதற்குள் முதல் வழியின் புது மாட்யூல். டர்போ மாட்டிய பிறகு மூன்றாவதைப் பேசலாம், தனி இசியூ வாங்கிய அன்று நாலாவதைப் பேசலாம். நடுரோட்டில் அம்மாவோடு நிற்கும்போது ஒரு ஸ்க்ரூடிரைவரால் நானே சரிசெய்ய முடியுமா என்பதை வைத்துத்தான் நான் தேர்ந்தெடுத்தேன். முதல் வழிக்கு மட்டும்தான் பதில் ஆமாம்.

அண்ணாச்சியிடம் பாக்ஸ் பற்றி ஒரு தடவை கேட்டேன். "நல்ல சாமான்தான். ஆனா நின்னு போனா என்னைக் கூப்பிடக் கூடாது பாத்துக்கிடுங்க" என்றார்.

இப்போது வண்டியில் ஓடுவது நல்ல தரத்தில் ஒரு மாட்யூல், மெலிதான பேஸ்ட், புதுக் கேப், ரோட்டார், ஒயர், 1.1-ல் வைத்த நாலு பிளக். கேப்பின் ரப்பர் வளையத்தையும் மாற்றினேன்; குற்றாலச் சாரலில் ஈரம் உள்ளே போவது அதனால் நின்றது. டேஷ்போர்டுக்குள் ஒரு டிபன் டப்பா இருக்கிறது. அதில் இன்னொரு மாட்யூல், பேஸ்ட் டியூப், ஜப்பான் அளவு ஸ்க்ரூடிரைவர், 8 எம்எம் ஸ்பேனர், ஒரு சின்ன டார்ச். மாட்யூலை டப்பாவில் போடும் முன் ஒரு வாரம் வண்டியில் மாட்டி ஓட்டிச் சோதித்துவிட்டுத்தான் வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் மகனை டார்ச் பிடிக்கவைத்து மாற்றிப் பழகினோம். முதல் தடவை ஐம்பது நிமிடம் ஆனது, மூன்றாம் தடவை இருபத்திரண்டு.